ஜாஸ்மோனேட்: கொழுப்பு அமிலத்திலிருந்து மரபணு வரை

ஜாஸ்மோனேட்டுகள் என்பவை தாவர உயிரணுக்களில் லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவதால் உருவாகும் சிறு மூலக்கூறுகளின் குடும்பம் ஆகும். ஜாஸ்மோனிக் அமிலம், அதன் மெத்தில் எஸ்டர், ஐசோலூசின் என்னும் அமினோ அமிலத்தோடு அது இணைந்த வடிவம் ஆகியவை இக்குடும்பத்தின் முக்கிய உறுப்புகள். இலையைப் புழு கடித்தால் இவை சில நிமிடங்களிலேயே பெருகி, உட்கருவில் பல நூறு மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றுகின்றன. ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன் ஆகிய தாவர ஹார்மோன்களின் வரிசையில் இன்று ஜாஸ்மோனேட்டும் வைத்து எண்ணப்படுகிறது.

ஒரு செடியின் எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ. ஆனால் எந்த உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஒரு மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதைக்கொண்டு புரதம் கட்டப்படுவது மரபணு வெளிப்பாடு எனப்படுகிறது. ஓடவோ ஒளியவோ முடியாத தாவரத்துக்கு, எந்த மரபணுவை எப்போது வெளிப்படுத்துவது என்பதே எதிரிக்குத் தரும் பதில். பள்ளிப் பாடங்களில் கொழுப்பு என்றால் சேமிப்பு ஆற்றல், அல்லது உயிரணு மென்சவ்வின் கட்டுமானப் பொருள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே கொழுப்பு செய்தி சொல்லும் மூலக்கூறாக மாறுவதும் அதன் பணிகளுள் ஒன்று.

கண்டறியப்பட்ட வரலாறு

இம்மூலக்கூறு முதலில் அறியப்பட்டது வாசனைப் பொருளாகத்தான். 1962-இல் டெமோல், லெடரெர், மெர்சியே ஆகியோர் ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம் என்னும் மல்லிகை இனத்தின் பூ எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தெடுத்தனர். தமிழ்நாட்டில் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் வழங்குவது இந்த இனமே. ஜாஸ்மோனேட் என்ற பெயரும் ஜாஸ்மின் என்னும் மல்லிகையின் பெயரிலிருந்து வந்ததே. 1971-இல் ஜாஸ்மோனிக் அமிலம் லாசியோடிப்ளோடியா தியோபுரோமே என்னும் பூஞ்சையின் வளர்ப்பு நீர்மத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாம்பழத்தில் காம்பழுகல் நோயை உண்டாக்குவதும் இப்பூஞ்சைதான். அப்போது அது தாவர வளர்ச்சியைத் தடுக்கும் பொருளாகவே பார்க்கப்பட்டது.

வேறொரு பக்கத்தில், மணத்துக்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லாத ஒரு கேள்வி வளர்ந்துகொண்டிருந்தது. 1972-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், கிளாரன்ஸ் ரையன் ஆகிய இருவரும், கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் பெருகுவதைக் காட்டினர். இலையைத் தின்னும் பூச்சியின் குடலில் உள்ள செரிமான நொதிகளை இப்புரதங்கள் முடக்கிவிடும். பூச்சி எவ்வளவு தின்றாலும் அதிலுள்ள புரதம் அதற்கு முழுமையாகச் சேராது. இதில் வியப்பு என்னவென்றால், கடிபட்ட இலையில் மட்டுமல்லாமல் கடிபடாத இலைகளிலும் அவை பெருகின. அப்படியானால் காயத்தின் செய்தியை ஏதோ ஒன்று சுமந்து செல்லவேண்டும்.

அந்த ஏதோ ஒன்று எது என்பதற்கான முக்கியத் தடயம் கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1990-இல் எட்வர்ட் ஃபார்மரும் ரையனும் மெத்தில் ஜாஸ்மோனேட்டின் ஆவி பட்டாலே தக்காளி இலைகள் அந்தத் தடுப்புப் புரதங்களை உருவாக்குவதைக் கண்டனர். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் வளரும் சேஜ்பிரஷ் என்னும் புதர்ச்செடியின் இலைகளில் மெத்தில் ஜாஸ்மோனேட் இயல்பாகவே உண்டு. அதன் கிளைகளைத் தக்காளிச் செடியோடு ஒரே மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்தபோதும் அதே விளைவு ஏற்பட்டது. தக்காளியை யாரும் கடிக்கவில்லை, கீறவில்லை. பக்கத்துச் செடியின் மணமே அதன் மரபணுக்களைத் தட்டி எழுப்பப் போதுமாக இருந்தது.

மென்சவ்விலிருந்து ஹார்மோன்

ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகும் வழியை 1980-களின் முற்பகுதியில் விக், சிம்மர்மன் ஆகியோர் வரைந்து காட்டினர். அதன் தொடக்கம் பசுங்கணிகத்தில். பசும் இலையில் மிகுதியாக உள்ள கொழுப்பு அமிலம் லினோலெனிக் அமிலம். 18 கரிம அணுக்களும் 3 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட இது, பசுங்கணிகத்தின் மென்சவ்வுக் கொழுப்புகளில் கட்டுண்டு கிடக்கிறது. செய்தியை அனுப்பத் தேவையான மூலப்பொருள் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. செடி நின்றுகொண்டிருக்கும் சுவரிலிருந்தே செங்கல்லை உருவி எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

லைப்பேஸ் வகை நொதிகள் மென்சவ்விலிருந்து லினோலெனிக் அமிலத்தை விடுவிக்கின்றன. லைப்பாக்சிஜனேஸ் என்னும் நொதி அதன் 13-ஆவது கரிம அணுவில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அடுத்து அல்லீன் ஆக்சைடு சிந்தேஸ், அல்லீன் ஆக்சைடு சைக்லேஸ் என்னும் இரு நொதிகள் நீண்ட சங்கிலியின் ஒரு பகுதியை மடக்கி ஐந்து அணு வளையமாக்குகின்றன. இடையில் தோன்றும் அல்லீன் ஆக்சைடு நீரில் நெடுநேரம் நிலைக்காத பொருள் என்பதால் இந்த இரண்டு படிகளும் அடுத்தடுத்து உடனே நடக்கவேண்டும். இப்படிக் கிடைக்கும் 18 கரிம வளையப் பொருள் சுருக்கமாக ஓப்டா எனப்படும்.

ஓப்டா பசுங்கணிகத்தை விட்டு வெளியேறிப் பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்புக்குள் செல்கிறது. அங்கே ஓபிஆர்-3 என்னும் நொதி அதன் வளையத்திலுள்ள இரட்டைப் பிணைப்பை நீக்குகிறது. பிறகு, கொழுப்பைச் சிதைத்து ஆற்றல் பெற உயிரணு பயன்படுத்தும் அதே பீட்டா ஆக்சிஜனேற்றம் மூன்று சுற்றுகள் நடக்கிறது. சுற்றுக்கு 2 கரிம அணு வீதம் 6 அணுக்கள் கழிய, 12 கரிம அணுக்கள் கொண்ட ஜாஸ்மோனிக் அமிலம் எஞ்சுகிறது.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் வெகுகாலம் கருதப்பட்டது. ஆனால் ஜாஸ்மோனிக் அமிலம் மரபணுக்களை நேரடியாகத் தூண்டுவதில்லை. உயிரணு நீர்மத்தில் ஜார்-1 என்னும் நொதி அதை ஐசோலூசினோடு இணைக்கவேண்டும். அந்த இணைப்புப் பொருளான ஜாஸ்மோனைல் ஐசோலூசின்தான் உட்கருவில் அடையாளம் காணப்படும் உண்மையான செய்தி. பூவிலிருந்து பிரித்த மெத்தில் எஸ்டர்கூட, இலைக்குள் சென்று முதலில் அமிலமாகவும் பிறகு இந்த வடிவமாகவும் மாறியே வேலை செய்கிறது.

பூட்டை உடைத்துத் திறத்தல்

மரபணுவின் முன்பகுதியில் சென்று அமர்ந்து படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் புரதம் படியெடுப்புக் காரணி எனப்படும். ஜாஸ்மோனேட்டுக்கு உரிய படியெடுப்புக் காரணிகளில் நன்கு அறியப்பட்டது மிக்-2. இது டி.என்.ஏ.வில் ஜி-பெட்டி எனப்படும் ஆறெழுத்துத் தொடரைக் கண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். கவனிக்கவேண்டியது, காயம் படுவதற்கு முன்பே மிக்-2 உட்கருவில் இருக்கிறது. அதன் கை கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டிவைத்திருப்பவை ஜாஸ் எனப்படும் ஒடுக்கிப் புரதங்கள். 2007-இல் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இவற்றைக் கண்டறிந்தன. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் கடுகுக் குடும்பச் சிறுசெடியான அராபிடோப்சிஸில் இவ்வகைப் புரதங்கள் 13 உள்ளன. ஜாஸ் புரதம் மிக்-2-ஐ இரண்டு வழிகளில் முடக்குகிறது. படியெடுக்கும் இயந்திரத்தோடு மிக்-2 கைகோக்க வேண்டிய இடத்தில் தானே அமர்ந்துகொள்வது ஒன்று. நிஞ்சா என்னும் இணைப்புப் புரதத்தின் வழியாக டாப்லெஸ் என்னும் துணை ஒடுக்கியை அழைத்துவந்து, அந்த மரபணுப் பகுதியைப் படியெடுக்க முடியாத நிலையில் வைத்திருப்பது மற்றொன்று.

ஜாஸ்மோனைல் ஐசோலூசின் உட்கருவுக்கு வந்ததும் கோய்-1 என்னும் புரதத்தின் குழிவில் பொருந்துகிறது. கோய்-1 தனியாக இயங்குவதில்லை. உயிரணுவில் அழிக்கப்படவேண்டிய புரதங்களுக்கு யூபிகுவிட்டின் என்னும் அடையாளத்தை ஒட்டும் கூட்டு நொதியின் ஓர் உறுப்பு அது. ஹார்மோன் குழிவில் அமர்ந்தவுடன், அங்கே ஜாஸ் புரதமும் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஹார்மோன் இங்கே சாவி என்பதைவிட, கோய்-1-ஐயும் ஜாஸையும் சேர்த்து ஒட்டும் பசை என்பதே பொருத்தம். 2010-இல் வெளியான படிக அமைப்பு ஆய்வு இந்தப் பிணைப்பைத் தெளிவாகக் காட்டியது. இனோசிட்டால் பாஸ்பேட் மூலக்கூறு ஒன்றும் அதில் பங்கு கொள்வது அப்போது தெரியவந்தது.

ஒட்டப்பட்ட ஜாஸ் மீது யூபிகுவிட்டின் அடையாளம் விழுகிறது. புரோட்டியசோம் என்னும் புரத அரைவை இயந்திரம் அதைத் துண்டு துண்டாக்குகிறது. ஒடுக்கி அழிந்ததும் விடுதலை பெற்ற மிக்-2, மெட்-25 என்னும் இடைநிலைப் புரதத்தின் வழியாக ஆர்.என்.ஏ. பாலிமரேஸை வரவழைத்துப் படியெடுத்தலைத் தொடங்குகிறது.

ஒரு மரபணுவைத் தூண்ட, அதைத் தடுப்பதை அழிப்பது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் படியெடுப்புக் காரணியைப் புதிதாகக் கட்டி முடிக்கக் காத்திருக்க முடியாது. எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்து, ஒரே ஒரு தடையை எடுத்தால் ஓடத் தொடங்கும்படி அமைத்திருப்பதால் கிடைப்பது வேகம். ஆக்சினும் ஜிப்ரலினும் இதே உத்தியைத்தான் கையாளுகின்றன.

லினோலெனிக் அமிலம் இல்லாத செடி

இந்தக் கொழுப்பு அமிலம் செடிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மிக எளிமையாகக் காட்டிய சோதனை 1996-இல் வெளியானது. மிஷேல் மெக்கான், ஜான் பிரவுஸ் ஆகிய இருவரும், லினோலெனிக் அமிலத்தை உருவாக்கும் மூன்று மரபணுக்களும் பழுதுபட்ட ஓர் அராபிடோப்சிஸ் சடுதிமாற்றச் செடியை உருவாக்கினர். பசுங்கணிக மென்சவ்வில் இவ்வளவு மிகுதியாக உள்ள பொருள் இல்லாமற்போனால் ஒளிச்சேர்க்கைதான் முதலில் பாதிக்கப்படும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. நடந்தது அதுவல்ல. வழக்கமான வெப்பநிலையில் செடி வளர்ந்தது, இலை விட்டது, பூத்தது. ஆனால் விதை வைக்கவில்லை. மகரந்தம் சரியாக முதிரவில்லை, மகரந்தப்பை வெடித்து அதை வெளியேற்றவுமில்லை. மொட்டுகளின்மீது லினோலெனிக் அமிலத்தையோ ஜாஸ்மோனிக் அமிலத்தையோ இட்டபோது செடி மீண்டும் விதை வைத்தது. அதாவது, சாதாரண வளர்ச்சியின்போது செடியால் விட்டுக்கொடுக்க முடியாதது அக்கொழுப்பின் கட்டுமானப் பணியை அல்ல, செய்திப் பணியைத்தான்.

அதே செடியைக்கொண்டு அடுத்த ஆண்டு நடந்த ஆய்வு பாதுகாப்பைப் பற்றியது. ஈர மண்ணில் பெருகும் பிராடிசியா என்னும் சிற்றீயின் புழுக்கள் பெரும்பாலும் மக்கும் பொருள்களையும் பூஞ்சைகளையும் தின்று வாழ்பவை. இயல்பான அராபிடோப்சிஸுக்கு அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. ஜாஸ்மோனேட் உருவாக்க முடியாத சடுதிமாற்றச் செடிகளிலோ ஏறத்தாழ 80 விழுக்காடு இப்புழுக்களால் மடிந்தன. மெத்தில் ஜாஸ்மோனேட் கொடுக்கப்பட்டபோது இறப்பு ஏறத்தாழ 12 விழுக்காடாகக் குறைந்தது. பக்கத்தில் நின்ற இயல்பான செடிகள் பெரும்பாலும் பாதிப்பின்றி இருந்தன. எதிரி என்றே எண்ணப்படாத ஒரு பூச்சி, இந்த ஒற்றைச் செய்தி இல்லாதபோது கொல்லியாகிவிட்டது.

செய்தியை நிறுத்துவது

தடுப்புப் புரதங்களும் நச்சுப் பொருள்களும் இலவசமாக வருவதில்லை. அவற்றுக்குச் செலவாகும் கரிமமும் நைட்ரஜனும் வளர்ச்சியிலிருந்து கழிகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் அராபிடோப்சிஸின் பத்து ஜாஸ் மரபணுக்கள் ஒருசேர முடக்கப்பட்டன. ஒடுக்கிகளை இழந்த அச்செடியில் பாதுகாப்பு மரபணுக்கள் ஓயாமல் இயங்கின. பூச்சியையும் பூஞ்சையையும் அது நன்றாக எதிர்த்தது. ஆனால் மிக மெதுவாக வளர்ந்தது, விதையும் மிகக் குறைவாகவே வைத்தது. எப்போதும் போர்க்கோலத்தில் நிற்கும் செடிக்குச் சந்ததி மிஞ்சுவதில்லை.

ஆகவே தொடங்கும் வேகத்திலேயே செய்தியை நிறுத்தவும் ஏற்பாடு இருக்கிறது. மிக்-2 இயக்கும் மரபணுக்களில் ஜாஸ் மரபணுக்களும் அடங்கும். விடுதலையான படியெடுப்புக் காரணி, தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது. கூடவே, சைட்டோகுரோம் பி-450 குடும்பத்து நொதிகள் ஜாஸ்மோனைல் ஐசோலூசினில் ஆக்சிஜனைச் சேர்த்து அதன் வலுவைக் குறைக்கின்றன. புழு போய்விட்டால் புதிய ஹார்மோன் வருவது நிற்கும், பழையது சிதையும், புதிய ஜாஸ் புரதங்கள் மிக்-2-ஐ மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அண்டைச் செடிகளின் நிழல் விழும்போதும் ஜாஸ்மோனேட்டின் வீச்சு குறைகிறது. நிழலை உணரும் செடி, பாதுகாப்பைவிட உயர்ந்து வளர்ந்து வெளிச்சத்தைப் பிடிப்பதற்கு முதலிடம் தருகிறது. நெருக்கமாக நடப்படும் பயிர்களைப் பற்றிச் சிந்திப்போர் மறக்கக்கூடாத செய்தி இது. வளர்ச்சியும் பாதுகாப்பும் என்றும் ஒன்றையொன்று குறைத்தே தீரவேண்டுமா என்பதும் முற்றாக முடிந்த கேள்வியல்ல. ஐந்து ஜாஸ் மரபணுக்களோடு, சிவப்பு ஒளியை உணரும் பைட்டோகுரோம்-பி மரபணுவும் சேர்த்து முடக்கப்பட்ட அராபிடோப்சிஸ், பூச்சியையும் எதிர்த்து நன்றாகவும் வளர்ந்ததாக 2016-இல் காட்டப்பட்டது. அப்படியானால் வளர்ச்சிக் குறைவுக்குக் காரணம் பொருட்செலவு மட்டுமல்ல, மரபணுக்கள் கம்பி கட்டப்பட்டுள்ள விதமும்தான்.

போலிச் செய்தி

இவ்வளவு நுட்பமான பூட்டுக்குக் கள்ளச்சாவியும் உண்டு. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் நோய் பரப்பும் பாக்டீரியத்தின் சில வகைகள் கொரோனட்டைன் என்ற நச்சுப் பொருளைச் சுரக்கின்றன. அதன் வடிவம் ஜாஸ்மோனைல் ஐசோலூசினை ஒத்திருப்பதால் அது கோய்-1-இன் குழிவில் கச்சிதமாகப் பொருந்தும். புழுவே இல்லாமல் செடி புழுவுக்கு எதிரான மரபணுக்களைத் திறக்கிறது. பாக்டீரியத்துக்கு இதனால் என்ன இலாபம்? தாவரங்களில் ஜாஸ்மோனேட்டின் வழியும், பாக்டீரியா போன்றவற்றை எதிர்க்கும் சாலிசிலிக் அமிலத்தின் வழியும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடக்குபவை. செடி தவறான எதிரியைப் பார்த்துக் கதவை அடைக்கும்போது பாக்டீரியத்துக்கு வழி திறக்கிறது. கதவு என்பது இங்கே வெறும் உவமையும் அல்ல. பாக்டீரியாவை உணர்ந்து மூடிக்கொண்ட இலைத்துளைகளைக் கொரோனட்டைன் மீண்டும் திறந்துவிடுவது 2006-இல் காட்டப்பட்டது.

கோய்-1 கண்டறியப்பட்டதும் இந்த நச்சின் உதவியால்தான். கொரோனட்டைன் கலந்த ஊடகத்திலும் வேர் குறுகாமல் வளர்ந்த சடுதிமாற்றச் செடிகள் 1994-இல் தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்புரதத்தின் பெயருக்கே கொரோனட்டைனை உணராதது என்றுதான் பொருள். நோய்க்கிருமியின் தந்திரம் இல்லாதிருந்தால் ஏற்பியைக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதித்திருக்கலாம்.

மற்ற கொழுப்புச் செய்திகள்

லினோலெனிக் அமிலத்தின் வழித்தோன்றல்கள் ஜாஸ்மோனேட்டோடு நிற்பதில்லை. 13-ஆவது கரிமத்தில் ஆக்சிஜன் ஏறிய அதே இடைநிலைப் பொருளை வேறொரு நொதி வெட்டினால் ஆறு கரிம ஆவிப்பொருள்கள் கிடைக்கும். புல் வெட்டும்போது எழும் பச்சை வாசனை அவற்றுடையதே. ஓப்டாவும் வெறும் இடைநிலைப் பொருள் அல்ல. ஜாஸ்மோனிக் அமிலம் தூண்டாத சில மரபணுக்களை அது தானே தூண்டுகிறது. மார்க்கான்சியா என்னும் ஈரற்பாசியில், ஜாஸ்மோனைல் ஐசோலூசினுக்குப் பதிலாக ஓப்டாவின் சற்றே குறுகிய உறவுப்பொருள் கோய்-1-உடன் இணைவதாக 2018-இல் கண்டறியப்பட்டது. பூட்டு பழையதாகவே இருக்க, சாவியின் வடிவம் பரிணாமத்தில் மாறியிருக்கிறது. 18 கரிமமும் ஒரே இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஒலியிக் அமிலத்தின் அளவு குறைந்தாலும் அராபிடோப்சிஸில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அங்கே செய்தி, ஒரு பொருளின் வரவில் அல்ல, குறைவில் இருக்கிறது.

விலங்குகளிலும் இதற்கு ஓர் இணை உண்டு. காயத்தின்போது அராக்கிடோனிக் அமிலம் என்னும் 20 கரிமக் கொழுப்பு அமிலத்திலிருந்து ஐந்து அணு வளையம் கொண்ட புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. ஆஸ்பிரின் அதைத் தடுப்பதால் வலி குறைகிறது. தக்காளி இலையில் காயத்துக்குப் பின் நடக்கும் மரபணு வெளிப்பாட்டையும் ஆஸ்பிரின் தடுக்கிறது என்றும், ஜாஸ்மோனிக் அமிலம் உருவாவதை நிறுத்துவதே அதற்குக் காரணம் என்றும் 1993-இல் காட்டப்பட்டது.

ஆய்வகத்துக்கு வெளியே

புற்றுநோய் மருந்தான பாக்ளிடாக்சல், டாக்சஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பட்டையில் மிகச் சிறிதளவே கிடைக்கும். அம்மரத்தின் உயிரணுக்களை ஊடகத்தில் வளர்த்து மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்த்தால் மருந்தின் உற்பத்தி பெருகுவது 1996-இல் அறியப்பட்டது. உயிரணு தன்னைப் பூச்சி தின்பதாக எண்ணித் தற்காப்பு நஞ்சைச் செய்கிறது, மனிதர் அதை மருந்தாக எடுத்துக்கொள்கின்றனர். புகையிலையின் நிக்கோட்டினும் இதே வகை. இலை கடிபட்டால் ஜாஸ்மோனேட் வழியாக வேரின் மரபணுக்கள் தூண்டப்பட்டு, அங்கே உருவாகும் நிக்கோட்டின் நீர்க்குழாய்கள் வழியே இலைக்கு ஏறுகிறது.

காட்டில் இது எப்படிப் பொருள்படுகிறது என்பதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த கள ஆய்வு ஒன்று சொல்கிறது. லைப்பாக்சிஜனேஸ் மரபணு முடக்கப்பட்ட காட்டுப் புகையிலைச் செடிகளை ஆய்வாளர்கள் அவற்றின் இயற்கையான வாழிடத்திலேயே நட்டனர். வழக்கமாக அதைத் தின்னும் பூச்சிகள் கூடுதலாகத் தின்றன. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, வழக்கமாகக் காட்டுப் புகையிலையை நாடாத தத்துப்பூச்சிகளும் தேடிவந்து, அதில் தின்று, அதிலேயே இனம் பெருக்கின. 2004-இல் வெளியான இவ்வாய்வின்படி, எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி உணவாகும் என்பதில்கூட ஒரு கொழுப்பு அமிலத்தின் 13-ஆவது கரிமத்தில் ஆக்சிஜன் ஏறுவதும் ஏறாததும் பங்கு வகிக்கிறது.